ஒன்பதாம் இடம்

(ஆயர் ஈத்தாம் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பொது மண்டபத்தில், எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விடிவதற்கு முன்பே எழுந்து, பெரட்டுக்குச் சென்று, நிரையில் மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு, இளைப்பாறக்கூட நேரமின்றி இம்மண்டபத்திற்கு வந்திருக்கின்றீர்கள். இத்தகைய அவையில் வீண் சொல் பேசுவது முறையன்று. சொல்ல வந்ததை நேராகச் சொல்லிவிட விழைகின்றோம்.

நமது ஆயர் ஈத்தாம் ஒரு நாற்சந்தி ஊர். வடக்கே போகும் சாலை யோங் பெங் வழியாகத் தலைநகருக்குச் செல்கின்றது, தெற்கே போவது ஜொகூர் பாருவுக்கு, மேற்கே பத்து பகாட், கிழக்கே குளுவாங். 1994-ஆம் ஆண்டில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்படுவதற்கு முன்பு, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் இங்கே நின்று இளைப்பாறிச் சென்றன. மண்பாண்டக் கடைகளும் பலகாரக் கடைகளும் அப்போக்குவரவால் தழைத்தவையே. நாம் சிறுவனாயிருந்தபோது, அந்தப் பேருந்துகளிலிருந்து இறங்குவோரைப் பார்த்து, இவர்கள் எல்லோர்க்கும் தாம் போகும் இடம் எது என்று தெரிந்திருக்கின்றதே என வியந்ததுண்டு. ஐந்தாம் படிவத் தேர்வு முடிந்த பின்னர் மாணவன் நிற்கும் இடமும் இந்த நாற்சந்தி போன்றதுதான். எப்பக்கம் செல்லும் பேருந்தில் ஏறுவது என்பதே அவன்முன் நிற்கும் கேள்வி.

இன்று நாம் பேச எழுதிக்கொண்டு வந்தது வேறு. மேற்கல்வி வாய்ப்புகள் எவை, எந்தப் பாரத்தை எந்நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்பன போன்ற செய்திகளே அதில் இருந்தன. ஆயின், மண்டபத்தின் வாயிலில் ஒரு தாயார் நம்மை நிறுத்தி, வழவழப்பான துண்டுத்தாள் ஒன்றைக் காட்டினார். அதில் வெள்ளைச் சட்டையும் தோளில் பொன்னிறக் கோடுகளும் அணிந்த இளைஞர் ஒருவர் விமானத்தின்முன் நின்று சிரிக்கின்றார். ஒன்றரை ஆண்டில் விமானி ஆகலாம், முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்க என்று அதில் கண்டிருந்தது. தம் மகன் சிறு வயது முதலே விமானி ஆக வேண்டும் என்று சொல்லி வருவதாகவும், கழுத்தில் கிடப்பதை அடகு வைத்து, சேமநிதிப் பணத்தையும் எடுத்து முன்பணம் கட்டலாமா என்றும் அத்தாயார் வினவினார். அவ்வினாவுக்கு வாயிலில் நின்றபடியே ஒரு சொல்லில் விடை கூறிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆகவே, எழுதி வந்த தாளை மடித்து வைத்துவிட்டு, விமானி ஆக விரும்பிய வேறொரு தமிழ்ச் சிறுவனின் கதையை உங்களுக்குச் சொல்ல எண்ணினோம்.

அச்சிறுவன் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தான். அவனுடைய தந்தையார் ஜைனுலாப்தீன், படகு வைத்திருந்த எளிய மனிதர். சரியாக ஓராண்டு கழித்து, 1932 அக்டோபர் 15-ஆம் நாள், ஜே.ஆர்.டி. டாட்டா என்பார் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஒரு சிறு விமானத்தில் அஞ்சல் பைகளைச் சுமந்து பறந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி வின்சென்ட் அவ்வஞ்சலைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்தார். இந்தியரின் வான் போக்குவரவு அன்று தொடங்கிற்று எனலாம். இவ்விரு செய்திகளுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. எனினும் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஆண்டுகளையும் நாட்களையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் பழக்கம் எளிதில் போவதில்லை, பொறுத்தருள்க.

அச்சிறுவனே பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவராக விளங்கிய டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்கள். அவரை ஏவுகணை அறிஞர் என்றும் குடியரசுத் தலைவர் என்றும் உலகம் அறியும். விமானப் படை விமானியாக வேண்டும் என்று முயன்று அதில் தோற்றவர் அவர் என்பதனைப் பலர் நினைவில் வைப்பதில்லை. இன்று நாம் பேசப் போவது அந்தத் தோல்வியைப் பற்றியும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைப் பற்றியுமே.

இராமேசுவரம் தொடக்கப் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் அறிவியல் ஆசிரியர் இருந்தார். பறவை எவ்வாறு பறக்கின்றது என்பதனைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். மாணவர்கட்கு முற்றும் விளங்கவில்லை எனத் தெரிந்ததும், அன்று மாலையே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் இறக்கை அடித்து எழுவதையும் வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் நேரில் காட்டினார். தமது வாழ்வின் போக்கு அந்த மாலையில்தான் முடிவாயிற்று என்று கலாம் அவர்கள் பல மேடைகளில் கூறியிருக்கின்றார். செலவில்லாத பாடம் அது. நமது தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் இங்கே அமர்ந்திருக்கின்றனர்; அவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. செய்தித்தாள் கட்டுகளை ஓடும் வண்டியிலிருந்து வீசி எறிவார்கள். சிறுவன் கலாம் அவற்றைப் பொறுக்கி எடுத்துத் தம் உறவினர்க்கு உதவினார். அதுவே அவருடைய முதற் சம்பாத்தியம். காலையில் பள்ளிக்கு முன் ஒட்டுப்பால் பொறுக்கிய கைகள் இம்மண்டபத்தில் பல இருக்கின்றன. நம் கையும் அவற்றுள் ஒன்று. ஆகவே அந்த உழைப்பின் அருமையை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளியில் அவர் தங்கிப் படித்தார். அங்கே அய்யாதுரை சாலமன் என்னும் ஆசிரியர் அவர்க்கு ஊக்கம் ஊட்டினார். மற்றோர் ஆசிரியர், கணக்காசிரியர் இராமகிருஷ்ண ஐயர். வகுப்பு மாறி உள்ளே நுழைந்துவிட்ட சிறுவனை அவர் எல்லார் முன்னிலையிலும் பிரம்பால் அடித்தார். சில மாதங்கள் கழித்து அதே சிறுவன் கணக்கில் முழு மதிப்பெண் பெற்றபோது, தம் கையால் அடி வாங்கியவன் உயர்ந்த மனிதன் ஆவான் என்று பள்ளி கூடிய வேளையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாராம். அடித்ததற்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது என்று நாம் கருதவில்லை. பெற்றோர்கள் இக்கதையைக் கேட்டுவிட்டு வீட்டில் பிரம்பைத் தேட வேண்டா.

உயர்நிலைப் பள்ளிக்குப் பின் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரிக்கு 1950-இல் சென்றார். பௌதிகம் பயின்று பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற பிறகுதான், தமக்குரிய துறை பௌதிகம் அன்று, பொறியியலே என்பது அவர்க்குத் தெளிவாயிற்று. நான்காண்டு கழித்துத் தெளிவு பிறந்தது! பதினேழு வயதில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நம் பிள்ளைகளை நெருக்குவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நலம்.

சென்னைக்கு அருகே குரோம்பேட்டையில், சி. இராஜம் என்னும் வள்ளல் 1949-இல் நிறுவிய சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இருந்தது. அங்கே அவர்க்கு இடம் கிடைத்தது. ஆனால் சேர்வதற்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. அவருடைய அக்காள் சொகரா அம்மையார், தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். அவ்வளையல்களைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்டுத் தருவதாகத் தம்பி உறுதி பூண்டார்.

தாய்மார்களே, இவ்விடத்தில் சற்றே நிற்போம். வாயிலில் நம்மை நிறுத்திய அந்தத் தாயாரின் கேள்வியும் இதுதானே! அங்கும் நகை, இங்கும் நகை. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சொகரா அம்மையார் அடகு வைத்த நகை, இடம் கையில் கிடைத்துவிட்ட தம்பிக்கு. இடம் விலைக்கு வாங்கப்பட்டதன்று. இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்துங்கள். பின்னர் அதற்கு வருவோம்.

அக்கல்லூரியின் வளாகத்தில், பறக்கும் பணியிலிருந்து நீக்கப்பட்ட விமானங்கள் இரண்டு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பின்னும் கலாம் அவற்றின் அருகே வெகுநேரம் அமர்ந்திருப்பாராம். முதலாண்டு முடிந்து சிறப்புப் பாடம் தெரிவு செய்யும் வேளை வந்ததும், விமானப் பொறியியலைத் தயக்கமின்றி எடுத்தார். உதவிச் சம்பளத்தில் படித்தவர் அவர். ஒரு முறை, விமான வடிவமைப்புப் பணியில் அவருடைய வேலை பின்தங்கியிருப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவிச் சம்பளம் நிறுத்தப்படும் என்று கூறிவிட்டார். உதவிச் சம்பளம் நின்றால் படிப்பு நின்றது, வளையல் மூழ்கியது. அன்றிரவு உணவையும் விடுத்து வரைபலகையின்முன் நின்றார். குறித்த நாளுக்குள் வேலை முடிந்தது. பேராசிரியர் அவரைத் தழுவிப் பாராட்டினார்.

படிப்பு முடிந்து, பெங்களூரில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியாளராக இருந்தார். அங்கே விமான எந்திரங்களைக் கழற்றிப் பழுது பார்த்துப் பூட்டும் வேலை. கையில் எண்ணெய் படாத பொறியாளர் அல்லர் அவர். அதன் பின்னர் ஒரே காலத்தில் இரு நேர்முகத் தேர்வுகளுக்கு அழைப்பு வந்தது. ஒன்று, தில்லியில் தற்காப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவு. மற்றொன்று, டேராடூனில் விமானப் படைத் தேர்வுக் குழு. முதலாவது வேலை; இரண்டாவது கனவு. தென்கோடியிலிருந்து வடகோடிக்கு இரயில் ஏறினார்.

டேராடூனில் தேர்வுக்கு வந்தவர்கள் 25 பேர். எடுக்க வேண்டியவர்கள் 8 பேர். கலாம் ஒன்பதாவதாக வந்தார்.

இருபத்தைந்தாவதாக வந்திருந்தால் அவ்வளவு வலித்திருக்காது என்றே நமக்குத் தோன்றுகின்றது. நமது பள்ளிகளிலும் ஒரு புள்ளியில் வாய்ப்பை இழந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கின்றோம். அவர்கள் பல ஆண்டுகள் வரை அந்த ஒரு புள்ளியையே பேசிக்கொண்டிருப்பார்கள். கலாம் அவர்கள் தேர்வு மண்டபத்தை விட்டு வெளியே வந்து, மலைச்சரிவின் ஓரத்தில் நின்று, கீழே தெரிந்த ஏரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கின்றார். அதற்குமேல் அவர் அதனை விரிக்கவில்லை. நாமும் விரிக்க வேண்டா.

அங்கிருந்து ரிஷிகேசம் சென்றார். கங்கையில் நீராடினார். மலையில் ஏறிச் சிவானந்த ஆசிரமத்தை அடைந்தார். அங்கே சுவாமி சிவானந்தரைக் கண்டு தம் பெயரைச் சொன்னார். முசுலிம் பெயர் கேட்டு அவர் முகத்தில் மாற்றம் ஏதும் இல்லை. ஏன் வாடியிருக்கின்றாய் என்றே அவர் கேட்டார். நடந்ததை இளைஞர் கூறினார். விமானப் படை விமானி ஆவது உனக்கு விதிக்கப்படவில்லை, இத்தோல்வியை மறந்து உனக்குரிய வழியைத் தேடு என்னும் பொருள்படச் சுவாமிகள் ஆறுதல் சொன்னார். நம்புவோர் இதனை அருள்வாக்கு என்பர். பிறர் பெரியவர் ஒருவரின் நல்லுரை என்பர். நாம் சொல்ல வந்தது வேறு.

அந்தச் சுவாமிகள் யார் தெரியுமா? திருநெல்வேலிச் சீமையில் பத்தமடையில் பிறந்த குப்புசாமி என்னும் மருத்துவர். 1913-இல் கப்பலேறி மலாயாவுக்கு வந்தவர். சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்ட மருத்துவமனையில் ஏறக்குறைய ஏழாண்டுகள் பணியாற்றி, பின்னர் நமது ஜொகூரில் மூன்றாண்டுகள் மருத்துவம் செய்து, 1923-இல் தாயகம் திரும்பித் துறவு பூண்டவர். அதாவது, உங்கள் பாட்டனாரும் பூட்டனாரும் காய்ச்சலோடு வந்து படுத்த தோட்டத்து மருத்துவமனையில், மருந்து கலக்கிக் கொடுத்த கையே, பின்னாளில் டேராடூனில் தோற்று வந்த இளைஞரைத் தேற்றிய கை. ஏறக்குறைய பத்தாண்டுக் காலம் தோட்டத்து நோயாளிகளின் முகத்தைப் பார்த்துப் பழகியவர்க்கு, வாடிய முகத்தை இனங்காண எவரும் சொல்லித்தர வேண்டியிருந்திராது. இச்செய்தியை நாம் முதன்முதலில் அறிந்தபோது, படித்துக்கொண்டிருந்த நூலை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் இருந்தோம்.

கலாம் அவர்கள் தில்லிக்குத் திரும்பினார். மற்றைய நேர்முகத் தேர்வின் முடிவு என்னாயிற்று என விசாரித்தார். விடையாக நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். மறுநாளே பணியில் சேர்ந்தார். மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளம். ஆண்டு 1958.

இவ்விடத்தில் நமது சொந்தச் செய்தி ஒன்றைச் சொல்லவும் கடமைப்பட்டிருக்கின்றோம். நாமும் இவ்வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவரே. சிங்கப்பூருக்கும் செனாய்க்கும் இறங்கிவரும் விமானங்களை லயத்து வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தே வளர்ந்தோம். எஸ்.பி.எம். முடிந்ததும் விமானி ஆவதற்கு விண்ணப்பித்தோம். எழுத்துத் தேர்வு நன்றாகவே அமைந்தது. பின்னர் மருத்துவச் சோதனை. வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஓர் அட்டையைக் காட்டி, இதில் என்ன எண் தெரிகின்றது என்று கேட்டார்கள். எண் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அட்டை, அதிலும் தெரியவில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் ஆற்றல் நம் கண்களுக்குப் பிறவியிலேயே குறைவு என்பது பதினெட்டு வயதில் அந்த அறையில்தான் நமக்குத் தெரிந்தது. எவர் மீதும் குற்றம் இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது, பால் வெட்டிக்கொண்டிருந்த நம் அக்காள் ஒன்றும் வியக்கவில்லை. பழுத்த மிளகாய் பறித்து வா என்றால் நீ எப்போதும் காயைத்தானே கொண்டு வருவாய் என்றார். அதன் பின் நான்கைந்து மாதங்கள் புல் வெட்டும் வேலைக்குப் போனோம், எவரோடும் பேசவில்லை. ஒருநாள் அக்காள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் விண்ணப்பப் பாரத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து சோற்றுத் தட்டின் பக்கத்தில் வைத்தார். போகும் வழிச்செலவுக்கும் இரண்டு சட்டைக்கும் சீட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தார். அவருடைய கல்யாணத்திற்கென்று சேர்த்த சீட்டு அது என்பது நமக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அவர் அடகு வைத்ததற்குச் சீட்டு ஒன்றும் எழுதித் தரவில்லை. நாம் மீட்டுத் தந்தோமா என்று கேட்டால், இன்று வரை விடை சொல்லத் தெரியவில்லை.

நம் கதை இவ்வளவே. கலாம் அவர்களின் கதைக்குத் திரும்புவோம். தற்காப்பு ஆய்வுப் பிரிவில் அவரும் நண்பர்களும் நந்தி என்னும் மெத்தூர்தி ஒன்றை உருவாக்கினார்கள். காற்றையே மெத்தைபோல் கீழே செலுத்தி, தரைக்கு மேல் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் உயரத்தில் நகரும் ஊர்தி அது. அன்றைய தற்காப்பு அமைச்சர் வி.கே. கிருஷ்ண மேனன் அதில் ஏறிப் பார்க்க வந்தார். தேர்ந்த விமானி ஒருவர் ஓட்டட்டும் என்று உடனிருந்த அதிகாரி கூறியும் கேளாமல், செய்தவரே ஓட்டட்டும் என அமைச்சர் அமர்ந்துவிட்டார். விமானப் படை வேண்டா என்றவர், நாட்டின் தற்காப்பு அமைச்சரைச் சுமந்து ஓட்டினார், ஒன்றரை அங்குல உயரத்தில்! பிற்காலத்தில் அத்திட்டமும் கைவிடப்பட்டது.

அதன் பின் தும்பா, ஏவூர்திகள், 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் கடலில் விழுந்த எஸ்.எல்.வி.-3, மறு ஆண்டு 1980 சூலை 18-ஆம் நாள் விண்ணில் ரோகிணி என்னும் துணைக்கோளைச் சேர்த்த அதே எஸ்.எல்.வி.-3, ஏவுகணைகள், 2002 முதல் 2007 வரை குடியரசுத் தலைவர் பதவி என விரியும் வரலாற்றைப் பாடநூல்களில் காண்பீர்கள். பாடநூலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒரு நாளை மட்டும் சொல்கின்றோம். 2006-ஆம் ஆண்டு சூன் 8-ஆம் நாள், பூனா நகரின் விமானப் படைத் தளத்தில், 74 வயது நிரம்பிய குடியரசுத் தலைவர், விமானிக்குரிய உடையும் தலைக்கவசமும் அணிந்து, சுக்கோய்-30 போர் விமானத்தின் ஏணியில் ஏறினார். விமானியின் துணையுடன் ஏறக்குறைய அரை மணி நேரம் வானில் இருந்துவிட்டு இறங்கினார். இந்தியக் குடியரசுத் தலைவர் ஒருவர் போர் விமானத்தில் பறந்தது அதுவே முதல் முறை. டேராடூனில் ஒன்பதாவதாக வந்து 48 ஆண்டுகள் கடந்திருந்தன.

இனி, அந்தத் தாயாரின் துண்டுத்தாளுக்கு வருவோம்.

விமானித் தொழில் நல்ல தொழில். நம் பிள்ளைகளுக்கு அது எட்டாதது என்று எவரும் சொல்லக் கூடாது. ஆனால் அதன் படிகளைத் தெரிந்துகொண்டு ஏற வேண்டும். வணிக விமானி உரிமம் பெறக் குறைந்தது 18 வயது நிரம்பியிருக்க வேண்டும்; பறந்து பழகிய நேரம் 200 மணி, ஒருங்கிணைந்த பயிற்சியாயின் 150 மணி வேண்டும். பெரிய விமானத்தின் தலைமை விமானி ஆவதற்குரிய உரிமத்திற்கு 1,500 மணி நேரம். வானொலி வழியாக ஆங்கிலத்தில் பேசி விளங்கவைக்கும் திறமை வேண்டும். கணிதமும் பௌதிகமும் வேண்டும். தனியார் பயிற்சிக்கு ஆகும் செலவு இலட்சக் கணக்கான ரிங்கிட். உரிமம் பெற்ற அன்றே வேலை கிடைத்துவிடும் என்பதும் இல்லை. 2020-இல் கொரோனா நோய் பரவியபோது, பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர்களே வேலை இழந்து உணவுக் கடை வைத்ததை நாம் செய்தித்தாளில் கண்டோம்.

ஆகையால் தாயே, பணம் கட்டுவது கடைசிப் படி. முதற்படி, முதல் தர மருத்துவச் சோதனை. கண், காது, இதயம் அனைத்தையும் அங்கே பார்த்துவிடுவார்கள். வண்ணப் புள்ளி அட்டையும் அங்கே உண்டு. அச்சோதனைக்கு ஆகும் செலவு, பயிற்சிக் கட்டணத்தின் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியாது. மகன் அதில் தேறுகின்றானா என்று பார்க்குமுன், கழுத்துச் சங்கிலியில் கை வைக்க வேண்டா. அடுத்து, அந்தப் பயிற்சிப் பள்ளி மலேசிய வான் போக்குவரத்து ஆணையத்தின் ஏற்பு பெற்றதா என்பதனை ஆணையத்திடமே கேட்க வேண்டும். துண்டுத்தாள் கொடுத்தவரிடம் அன்று. மூன்றாவதாக, அரச மலேசிய விமானப் படை. அதில் சேர்வோர்க்குப் பயிற்சிக் கட்டணம் இல்லை; தேர்வு உண்டு. அலோர் ஸ்டாரில் அதன் பறத்தல் பயிற்சி நிலையம் இருக்கின்றது. எட்டுப் பேரை எடுக்கும் இடத்தில் நம் பிள்ளை ஒன்பதாவதாக வரவும் கூடும். எனினும் அங்கே நகை மூழ்காது.

மேலும் ஒன்று. ஒரு விமானம் மேலே எழ, உள்ளே இருக்கும் இருவர் மட்டும் போதாது. எந்திரத்தைப் பழுது பார்த்துக் கையொப்பமிடும் பராமரிப்புப் பொறியாளர், ஓடுபாதைக்கு வழி சொல்லும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், வானிலை பார்ப்பவர், மின்னணுக் கருவிகளைச் செப்பம் செய்பவர் எனப் பலர் தரையில் நின்று உழைக்கின்றனர். கலாம் அவர்களும் எந்திரம் கழற்றித்தான் தொடங்கினார். இங்கிருந்து அரை மணிப் பயணத்தில் குளுவாங்கில், நம் தரைப்படையின் எலிகாப்டர்கள் நிற்கின்றன. அவற்றை ஓட்டுவோரைப் போலவே, அவற்றின் திருகாணியை முடுக்குவோரும் விமானத் துறையைச் சேர்ந்தவர்களே.

அவ்வளவு தூரம் போவானேன்? பெரிய விமானம் தரை தொடும் நொடியில் அதன் டயர்கள் ஓடாத நிலையிலிருந்து திடீரெனச் சுழன்று, தேய்ந்து, கொதித்துப் புகைகின்றன. அந்தச் சூட்டையும் அடியையும் இயற்கை ரப்பர் தாங்குவதுபோல் செயற்கை ரப்பர் தாங்குவதில்லை. ஆதலின் விமான டயர்களில் இன்றும் இயற்கை ரப்பருக்கே பெரும்பங்கு. இன்று காலை உங்கள் மங்கில் சொட்டிய பாலும் எங்கோ ஓர் ஓடுபாதையில் ஒரு நாள் இறங்கக் கூடும். செம்பனை பெருகிய இக்காலத்தில், ரப்பரைப் பழம்பொருள் என்று பேசுவோரிடம் இதனைச் சொல்லுங்கள்.

பேச்சு எண்ணியதைவிட நீண்டுவிட்டது. விண்ணப்பப் பாரங்களும், மேற்கல்வி பற்றிய நமது இலாகாவின் விளக்க ஏடுகளும் வாயிலின் அருகே மேசைமேல் உள்ளன; வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். தம்பி, தங்கைமார்கள் கேள்வி கேட்க விரும்பினால் தயங்காமல் வருக. அந்தத் தாயார் மூன்றாம் வரிசையில், மகனுடன் அமர்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகின்றது. அம்மா, கூட்டம் முடிந்ததும் அந்தத் துண்டுத்தாளைக் கொண்டு வாருங்கள். மூவரும் சேர்ந்து, சிறிய எழுத்தில் உள்ளதையும் விடாமல் படித்துப் பார்ப்போம்.